நுண்துளைச் சிப் வேலை செய்யவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

அயனிக் கற்றையால் செதுக்கிய நுண்துளைச் சிப்புகளைப் பெங்களூருவில் செய்து வாங்கி வந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர்ப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் அளந்து பார்க்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே மாதிரிப் பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "சார், துளை மூடிப்போச்சு, திருப்பி அனுப்பணும்" என்று வருபவர்களின் சிப்பில் பெரும்பாலும் துளை நன்றாகவே இருக்கிறது. உள்ளே தண்ணீர் போகவில்லை, அவ்வளவுதான். கற்றையில் நேரம் கிடைப்பது அரிது, சிப்பும் விலை கூடியது. மேசையில் காசில்லாமல் பார்க்கக்கூடிய அத்தனையையும் பார்த்து முடித்த பிறகே சிப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

இங்கே சொல்வது எல்லாம் ஒரே வகைச் சிப்புக்கானது. சிலிக்கான் சட்டத்தில் சிலிக்கான் நைட்ரைடு படலம். அதில் கேலியம் கற்றையால் சுமார் 100 நானோமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை. பிறகு 3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆர்கான் அயனிக் கற்றையைப் பரவலாகப் பாய்ச்சி, அந்தத் துளையைச் சில நானோமீட்டர் வரை சுருக்குவது. ஹார்வர்டில் ஜியாலி லி, டெரெக் ஸ்டெய்ன், ஜீன் கோலோவ்செங்கோ முதலியோர் 2001-இல் வெளியிட்ட முறை இது. கற்றை பட்டால் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்: விளிம்பிலிருந்து அணுக்கள் பெயர்ந்து துளை பெரிதாகும்; மேற்பரப்பில் நகரும் அணுக்கள் விளிம்புக்கு வந்து சேர்ந்து துளை சிறிதாகும். எது ஜெயிக்கிறது என்பதை வெப்பநிலையும் கற்றையின் அடர்த்தியும் முடிவு செய்கின்றன. கோட்பாடு இவ்வளவு போதும். அளப்பது இப்படி: உப்புக் கரைசல் நிரப்பிய இரண்டு அறைகள் கொண்ட கலத்தில் சிப்பை நடுச்சுவராக மாட்டி, இரண்டு பக்கமும் எலெக்ட்ரோடு வைத்து மின்னழுத்தம் கொடுத்து, துளை வழியாக ஓடும் மின்னோட்டத்தைப் பார்ப்பது.

## தேடலைத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சிப்போடு ஒரு தாள் வர வேண்டும். படலத்தின் தடிமன், ஆரம்பத் துளையின் விட்டம், கற்றையின் ஆற்றல், செதுக்கும்போது சிப்பின் வெப்பநிலை, எந்தப் பக்கத்தில் கற்றை பட்டது, நிறுத்தும்போது துளை வழியே கடந்து வந்த அயனிகளின் எண்ணிக்கை எவ்வளவு, இவை அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் பழுது தேடுவது வீண் அலைச்சல்.

அடுத்தது, எதிர்பார்க்க வேண்டிய மின்னோட்டம். 25 டிகிரியில் 1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 11.2 சீமென்ஸ். துளையின் நீளத்தை நான்கால் பெருக்கி, அதைப் பை (π) மடங்கு விட்டத்தின் வர்க்கத்தால் வகுங்கள். அதோடு, ஒன்றை விட்டத்தால் வகுத்து வருவதைக் கூட்டுங்கள். இந்தக் கூட்டுத்தொகையால் கடத்துதிறனை வகுத்தால் துளையின் கடத்தம் கிடைக்கும். 10 நானோமீட்டர் விட்டம், 10 நானோமீட்டர் நீளம் என்றால் சுமார் 49 நானோசீமென்ஸ். 100 மில்லிவோல்ட்டில் 4.9 நானோஆம்பியர். விட்டம் 5 ஆனால் 1.6 நானோஆம்பியர். இந்த இரண்டு எண்களையும் மேசைக்கு மேலே எழுதி ஒட்டி வையுங்கள்.

மூன்றாவது, துளையே இல்லாத ஒரு சிப். உடைந்த சிப்புகளைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் கசிவா, இரைச்சலா, துளையா என்று பிரித்துக் காட்டுவது இந்தச் சிப் ஒன்றுதான். ஆர்டர் கொடுக்கும்போதே ஒன்றிரண்டு சேர்த்துக் கேளுங்கள்.

## அறிகுறி: மின்னோட்டமே இல்லை

அதிகம் வரும் புகார் இது. மின்னழுத்தம் கொடுத்தால் சில பைக்கோஆம்பியர் மட்டும் தெரிகிறது, அல்லது கோடு அப்படியே பூஜ்யத்தில் கிடக்கிறது.

### கம்பியும் இணைப்பும்

சிப்பை எடுத்துவிட்டு, இரண்டு அறைகளிலும் கரைசலை நிரப்பி, நேரடியாக ஒன்றோடொன்று தொடும்படி செய்து பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் முழு எல்லைக்கு ஏறினால் கம்பி, எலெக்ட்ரோடு, இணைப்பு எல்லாம் சரி. ஏறாவிட்டால் தேடலை இங்கேயே நிறுத்திக் கம்பியைப் பாருங்கள். பெரும்பாலும் சாலிடர் விட்டுப்போயிருக்கும். இல்லையென்றால் எலெக்ட்ரோடு நுனி கரைசலைத் தொடாமல் காற்றில் நிற்கும்.

### காற்றுக் குமிழ்

கலத்தின் வாய்க்கால் குறுகலாக இருந்தால் சிப்பின் முகத்தில் ஒரு குமிழ் ஒட்டிக்கொள்ளும். சிப்பின் பின்பக்கம் பிரமிடு வடிவக் குழி இருக்கிறதே, அதற்குள் மாட்டிய குமிழ் வெளியே தெரியாது. பிப்பெட்டால் மெதுவாக உறிஞ்சி மறுபடி நிரப்புங்கள். கரைசலைப் பயன்படுத்துமுன் டெசிக்கேட்டரில் வைத்து வெற்றிடத்தில் காற்றை நீக்கிவிடுங்கள். ஏசி அறையில் வைத்த குளிர்ந்த கரைசலைச் சூடான மேசைக்குக் கொண்டு வந்தால் அதுவே குமிழ் விடும். கோடையில் இங்கே இது அடிக்கடி நடக்கிறது.

### துளை நனையவில்லை

பத்தில் ஆறேழு புகார்கள் இங்கேதான் தீரும். சில நானோமீட்டர் துளைக்குள் தண்ணீர் தானாகப் போக மறுக்கும், அதுவும் சுவரில் எண்ணெய்ப்பசை போலக் கரிமப் படிவு இருந்தால். மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்த சிப்பில் இந்தப் படிவு கட்டாயம் இருக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் வாரக்கணக்கில் கிடந்த சிப்பிலும் இருக்கும்.

முதலில் ஐசோபுரோப்பனாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு பக்கமும் நிரப்பி, சிறிது நேரம் விட்டு, பிறகு தண்ணீரால் பல தடவை மாற்றி, கடைசியாக உப்புக் கரைசல் ஊற்றுங்கள். ஆல்கஹாலுக்கு மேற்பரப்பு இழுவிசை குறைவு, உள்ளே போய்விடும். அதன் பின்னால் தண்ணீர் போகும். இதற்குச் செலவே இல்லை.

அதற்கும் அசையவில்லையென்றால் ஆக்சிஜன் பிளாஸ்மா. இரண்டு பக்கமும் ஒரு நிமிடத்துக்குள் போதும். எடுத்தவுடன் கலத்தில் மாட்டி நனைத்துவிட வேண்டும். மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் பலன் குறைந்துகொண்டே வரும். கல்லூரியில் பிளாஸ்மா கருவி இல்லையென்றால் புற ஊதா ஓசோன் கருவியும் பயன்படும், நேரம் கூட எடுக்கும்.

இதற்கு மேல் இருப்பது பிரானா கரைசல்: மூன்று பங்கு அடர் கந்தக அமிலம், ஒரு பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. இதை நீங்களாகச் செய்யாதீர்கள். வேதியியல் துறையில் இதைக் கையாண்டு பழகிய ஆசிரியர் அருகில் நிற்க, புகைக்கூண்டுக்குள், அமிலத்தில் பெராக்சைடை மெதுவாகச் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். முன்பு ஆல்கஹாலில் நனைத்த சிப் என்றால் ஒரு சொட்டு ஆல்கஹால்கூட மிச்சமில்லாமல் தண்ணீரில் அலசியிருக்க வேண்டும். ஆல்கஹாலோ அசிட்டோனோ பிரானாவில் பட்டால் வெடிக்கும். முடிந்த கரைசலை மூடிய பாட்டிலில் வைக்கவும் கூடாது. வாயு கிளம்பிக்கொண்டே இருக்கும், பாட்டில் சிதறும். கண்ணாடியும் கையுறையும் ஏப்ரனும் இல்லாமல் அந்த அறைக்குள்ளேயே போகாதீர்கள்.

### உண்மையிலேயே மூடிவிட்டது

மேலே உள்ளது எல்லாம் செய்தும் துளையில்லாச் சிப்பைப் போலவே கோடு கிடந்தால், அப்போது மூடிவிட்டது என்று நம்பலாம். உடனே தூக்கிப் போட வேண்டாம். கரைசலுக்குள்ளேயே சில வோல்ட் முதல் பத்துப் பன்னிரண்டு வோல்ட் வரை கொடுத்து மெல்லிய இடத்தைத் திறக்கும் முறை இருக்கிறது. ஒட்டாவாவில் டபார்ட்-கோசா குழு 2014-இல் விவரித்த மின்முறிவு முறை. செதுக்கி மூடிய இடம்தான் படலத்தில் மெல்லியது என்பதால் அங்கேதான் திறக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் நுண்மின்னோட்ட ஆம்ப்ளிஃபயர் ஒரு வோல்ட்டுக்கு மேல் தராது, தாங்கவும் தாங்காது. அதைக் கழற்றிவிட்டு வேறு மின்மூலத்தோடு, இதை ஏற்கெனவே செய்தவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். மின்னோட்டம் திடீரெனத் தாவும் கணத்தில் மின்னழுத்தத்தை நிறுத்தாவிட்டால் துளை கட்டுக்கு மீறிப் பெரிதாகிவிடும்.

## அறிகுறி: மின்னோட்டம் எல்லை தாண்டி ஏறுகிறது

எதிர்பார்த்தது 5 நானோஆம்பியர். ஆம்ப்ளிஃபயர் முட்டி நிற்கிறது.

முதல் சந்தேகம் கேஸ்கெட், அதாவது சிப்பைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் சிலிக்கோன் வளையம். சிப்பின் ஓரத்தைச் சுற்றிக் கரைசல் கசிந்து இரண்டு அறைகளும் சேர்ந்திருக்கும். துளையில்லாச் சிப்பை அதே கேஸ்கெட்டில் மாட்டுங்கள். அதிலும் நானோஆம்பியர் கணக்கில் ஓடினால் கேஸ்கெட்தான். புதிய சிலிக்கோன் கேஸ்கெட் வார்ப்பதற்கு ஆகும் செலவு அற்பம். சிலிக்கோன் திரவத்தையும் அதை இறுகச் செய்யும் திரவத்தையும் பத்துக்கு ஒன்று விகிதத்தில் கலந்து, காற்று நீக்கி, நன்றாக வேகவைத்து எடுங்கள். பாதி வெந்த கேஸ்கெட் பிசுபிசுப்பாக இருக்கும், அதிலிருந்து கசியும் சிலிக்கோன் துளையையும் அடைக்கும். வெளியே சிந்திய உப்புக் கரைசலும் கசிவுப் பாதைதான். துடைத்துக் காயவைத்து மறுபடி பாருங்கள்.

கேஸ்கெட் சரியென்றால் படலம் கிழிந்திருக்கலாம். சாதாரண ஒளி நுண்ணோக்கி போதும். படலம் முழுசாக இருந்தால் அந்தச் சிறு சதுரம் ஒரே நிறத்தில் பளபளப்பாகத் தெரியும். கிழிந்திருந்தால் கருப்பாகவோ மடிப்போடோ தெரியும். கிழிந்ததை ஒட்ட வழியில்லை. ஏன் கிழிந்தது என்பதை மட்டும் கண்டுபிடியுங்கள், அடுத்த சிப்பாவது பிழைக்கும். ஒரு பக்கம் மட்டும் வேகமாக நிரப்பியது, இடுக்கியின் நுனி நடுவில் பட்டது, உப்பைக் கழுவாமல் காயவிட்டது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் தண்ணீரால் அலசி, அதன் பிறகு ஆல்கஹால் கலந்த நீரில் ஈரமாகவே மூடி வையுங்கள். காய்ந்த உப்புப் படிகம் படலத்தைக் கிழித்துவிடும்.

## அறிகுறி: மின்னோட்டம் வருகிறது, ஆனால் கணக்கோடு பொருந்தவில்லை

இங்கே துளைக்குப் பழுதில்லை, கணக்குக்குத்தான் பழுது. நிறையப் பேர் இதில் மாட்டிக்கொள்வதால் சற்று நின்று சொல்கிறேன்.

படலம் 280 நானோமீட்டர் என்று தாளில் இருக்கும். மாணவர் அதையே துளையின் நீளமாக எடுத்துக்கொள்வார். 10 நானோமீட்டர் விட்டத்துக்கு 0.3 நானோஆம்பியர்தான் வர வேண்டும் என்று கணக்கு சொல்லும், கருவி 5-ஐ ஒட்டிக் காட்டும். அந்த மின்னோட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் துளை 42 நானோமீட்டர் என்று வரும். உடனே "பெருசா செஞ்சு அனுப்பிட்டாங்க" என்று கடிதம் எழுதத் தோன்றும். அனுப்பாதீர்கள். ஆர்கான் கற்றை துளையைச் சுருக்கும்போது, படலத்தின் முழுத் தடிமனுக்கும் சுவர் எழுப்புவதில்லை. கற்றை பட்ட முகத்தில், ஆரம்பத் துளையின் வாயை ஒட்டி, சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் மெல்லிய விளிம்பு ஒன்று உள்நோக்கி வளர்கிறது. அந்த விளிம்பின் தடிமன்தான் நீங்கள் எடுக்க வேண்டிய நீளம். அதற்குக் கீழே இருக்கும் 100 நானோமீட்டர் கிணற்றின் தடை கொஞ்சம் சேரும். அதையும் கூட்டினால் மேலே சொன்ன 4.9 சுமார் 4.3 ஆகும்.

அடுத்தது வெப்பநிலை. கடத்துதிறன் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத ஆய்வகம் 35 டிகிரி இருந்தால் மின்னோட்டம் 20 சதவீதம் கூடுதலாகத் தெரியும். கலத்தின் பக்கத்தில் ஒரு வெப்பமானி வையுங்கள், ஒவ்வொரு அளவீட்டோடும் எழுதுங்கள்.

அப்புறம் கரைசல். ஊற்றிவைத்த கரைசல் திறந்து கிடந்தால் நீர் ஆவியாகி உப்பு அடர்த்தி ஏறும். கடத்துதிறன் மீட்டரில் ஒரு முறை வைத்துப் பாருங்கள், கணக்கில் அந்த எண்ணையே போடுங்கள்.

இவ்வளவும் திருத்திய பிறகும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் நுண்ணோக்கிப் படம் கேட்க வேண்டும். கேட்கும்போது குறைந்த எலெக்ட்ரான் அளவில் எடுக்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரான் கற்றையை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் துளையின் அளவே மாறும். டெல்ஃப்டில் ஸ்டார்ம் முதலியோர் 2003-இல் சிலிக்கான் ஆக்சைடு துளைகளை அப்படியே சுருக்கிக் காட்டினார்கள். படம் எடுப்பதாக நினைத்துக்கொண்டு துளையை மாற்றிவிடக் கூடாது.

## அறிகுறி: உப்பைக் குறைத்தால் மின்னோட்டம் அதே அளவுக்குக் குறையவில்லை

1 மோலாரில் சரியாக இருந்த சிப், 1 மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பல மடங்கு அதிகம் காட்டும். முதல் காரணம் நம் ஊர்த் தண்ணீர். 1 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 147 மைக்ரோசீமென்ஸ். டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 50 காட்டும் ஆர்ஓ தண்ணீரே ஏறக்குறைய 100 மைக்ரோசீமென்ஸ் இருக்கும். ஆயிரத்தைத் தொடும் போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாலையில் வடித்த நீர் என்றாலும், வாலையின் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் மீட்டரில் பார்க்காமல் நம்பாதீர்கள். சில மைக்ரோசீமென்ஸுக்கு மேல் காட்டும் நீர் இந்த வேலைக்கு ஆகாது. கால்சியம் இன்னொரு தொல்லையும் தரும்: நைட்ரைடு சுவரின் எதிர்மின்சுமையில் ஒட்டிக்கொண்டு துளையின் குணத்தையே மாற்றும்.

தண்ணீர் சுத்தமாக இருந்தும் இப்படியே இருந்தால், அது பழுது இல்லை. உப்பு குறையும்போது சுவரின் மின்சுமை இழுத்து வைத்திருக்கும் அயனிகளே மின்னோட்டத்தைச் சுமக்கும், கோடு தட்டையாகிவிடும். அப்படியே பதிவு செய்யுங்கள்.

இங்கே மாணவர்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி: நம் மாவட்டத் தண்ணீரில் ஃப்ளூரைடு இருக்கிறதே, அது நைட்ரைடை அரிக்காதா? ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே ஃப்ளூரைடு பாதிப்பைத் தணிக்கத்தான், ஆகவே கேள்வி நியாயமானது. நைட்ரைடை அரிப்பது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். நடுநிலைத் தண்ணீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில் இருக்கும் ஃப்ளூரைடு சிப்பை ஒன்றும் செய்யாது. பற்களுக்கும் எலும்புக்கும்தான் அது கெடுதல்.

## அறிகுறி: இரைச்சல்

திரையில் இரைச்சலின் வடிவத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

### சீரான அலை, விநாடிக்கு 50 தடவை

மின்சாரத்திலிருந்து வருவது. ஃபாரடே கூண்டின் (வெளி மின்புலத்தைத் தடுக்கும் உலோகப் பெட்டி) கதவு மூடியிருக்கிறதா, கூண்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே ஒரு புள்ளியில் எர்த் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு இடத்தில் எர்த் கொடுத்தால் சுற்று உண்டாகி இன்னும் மோசமாகும். கூண்டுக்குள் மொபைல் சார்ஜர், எல்இடி விளக்கு எதுவும் வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் கோடையில் மட்டும் இரைச்சல் கூடுகிறது என்றால் கட்டடத்தின் எர்த் குழியைப் பாருங்கள். பாறையும் செம்மண்ணும் காய்ந்துபோனால் எர்த் தடை ஏறிவிடும். குழிக்குத் தண்ணீர் ஊற்றினால் அன்றே வித்தியாசம் தெரியும். நிரந்தரத் தீர்வுக்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து தடையை அளந்து குழியைச் சீரமைக்க வேண்டும். இதில் நீங்கள் கைவைக்காதீர்கள்.

மின்தடை வந்து இன்வெர்ட்டருக்கு மாறியதும் இரைச்சல் எகிறினால் அது சதுர அலை இன்வெர்ட்டர். அந்த நேரத்தில் அளவீட்டை நிறுத்திவிடுவதே நல்லது.

### மெதுவான நடுக்கம், முன்னும் பின்னும் தாவல்

இது துளைக்குள்ளிருந்து வருவது. பாதி நனைந்த துளை, உள்ளே ஒட்டிய நுண்குமிழ், சுவரில் அழுக்கு. நனைக்கும் வேலையை முதலிலிருந்து செய்யுங்கள். கரைசலை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்துத்தான் ஊற்ற வேண்டும். கிரானைட் அறுக்கும் பட்டறைகளை ஒட்டிய ஊர்களில் ஜன்னல் திறந்திருந்தால் மேசையெல்லாம் பொடி படிகிறது. சுத்தம் செய்தும் நடுக்கம் போகாத துளைக்கு மேலே சொன்ன மின்முறிவு முறையைக் குறைந்த அளவில் கொடுத்துச் சரிசெய்தவர்கள் உண்டு, ஆனால் துளை சற்றுப் பெரிதாகும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும்.

### யாராவது நடந்தால் துள்ளுகிறது

அதிர்வு. அதிர்வு தாங்கும் மேசை விலை அதிகம், ஆனால் கிரானைட் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அறுத்து மிஞ்சிய கனமான பலகை ஒன்றை வாங்கி, அடியில் பாதி காற்றடித்த சைக்கிள் டியூப் வைத்து, அதன் மேல் கூண்டை வையுங்கள். கல்லூரி ஆய்வகத்துக்கு இது தாராளமாகப் போதும்.

## அறிகுறி: மின்னோட்டம் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது

மின்னழுத்தம் பூஜ்யத்தில் இருக்கும்போதும் நகர்ந்தால் எலெக்ட்ரோடு. வெள்ளிக் கம்பியின் மேல் குளோரைடு பூச்சு தேய்ந்திருக்கும். நுனியை உப்புத்தாளால் தேய்த்து, வீட்டில் பயன்படுத்தும் பிளீச்சிங் திரவத்தில் கருஞ்சாம்பல் நிறம் வரும்வரை ஊறவைத்து, அலசுங்கள். இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். கம்பியை நகைப் பட்டறையில் வாங்கினால் சொக்க வெள்ளி என்று கேட்டு வாங்குங்கள். ஆபரண வெள்ளியில் செம்பு கலந்திருக்கும், அந்தக் கம்பி ஒருநாளும் நிலையாக நிற்காது.

மின்னழுத்தம் கொடுத்தபோது மட்டும் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால் துளைதான் பெரிதாகிறது. நைட்ரைடு உப்பு நீரில் மிக மெதுவாகக் கரையும், காரத்தன்மை கூடினால் இன்னும் வேகமாக. கரைசலின் பிஎச் 8-க்குக் கீழே இருக்கட்டும், அளவீடு முடிந்ததும் உப்பில் ஊறவிடாதீர்கள்.

## அறிகுறி: கற்றையின் கீழ் மூட வேண்டிய துளை திறக்கிறது

இனி வருவது கற்றை அறைக்குள் நடப்பது. இயக்குவது அங்குள்ள பொறியாளர். நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, வெப்பநிலை. அறை வெப்பத்தில் மூடும் அதே துளை, உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்தால் திறக்கத் தொடங்கும். முந்தைய பயனர் குளிர்ப்புத் தாங்கியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். வெற்றிடத்தில் சூடும் குளிரும் சட்டென்று மாறாது. தாங்கியில் காட்டும் வெப்பநிலை சிப்புக்கு வந்து சேரக் காத்திருக்க வேண்டும். சிப் தாங்கியோடு நன்றாக அழுந்தியிருக்கிறதா என்பதும் இதே கேள்விதான்.

இரண்டாவது, கற்றையின் அடர்த்தி. அவசரத்துக்கு அடர்த்தியைக் கூட்டினால் பெயர்க்கும் வேலை முந்திக்கொள்ளும். ஒவ்வொரு அயனிக்கும் மூடும் அளவு குறையும், ஒரு கட்டத்தில் திறக்கவும் செய்யும். அடர்த்தியைக் குறைத்து, விட்டு விட்டுப் பாய்ச்சச் சொல்லுங்கள். நேரம் ஆகும், பரவாயில்லை.

மூன்றாவது, வேறு கற்றை பட்டதா என்பது. இடம் கண்டுபிடிக்க 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கேலியம் கற்றையால் மேலோட்டமாக ஒரு படம் எடுத்திருந்தால்கூடப் படலம் அரிக்கப்பட்டிருக்கும், கேலியமும் உள்ளே புகுந்திருக்கும். சிப்புக்குள் இடம் காட்டும் குறிகளை முன்பே போட்டு வைத்தால் இந்தப் படமே தேவைப்படாது.

## அறிகுறி: எண்ணிக்கை குறைந்தது, ஆனால் துளை பெரிதாகவே இருக்கிறது

துளை வழியாகக் கடந்து வரும் அயனிகளை எண்ணித்தான் எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். எண்ணிக்கை துளையின் பரப்பைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் எண்ணிக்கை கால்பங்கு. ஆனால் நைட்ரைடு மின்காப்பான். அயனிகளின் மின்சுமை மேற்பரப்பில் தேங்கினால் வரும் அயனிகள் விலகிப் போகும், துளை மூடுவது போல எண்ணிக்கை பொய்யாகக் குறையும். கற்றையை நிறுத்திச் சிறிது நேரம் விட்டு மறுபடி ஒரு சிறு துடிப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை மேலே திரும்பினால் மின்சுமைதான் காரணம். குறைந்த ஆற்றல் எலெக்ட்ரான்களைத் தூவிச் சமன்படுத்தும் துப்பாக்கி ஓடுகிறதா, சிப்பின் சட்டம் எர்த் ஆகியிருக்கிறதா என்று பொறியாளர் பார்த்துக்கொள்வார். எண்ணும் கருவியே தேய்ந்துபோயிருப்பது கடைசிச் சந்தேகம், செலவும் அதற்குத்தான் அதிகம்.

## அறிகுறி: நிறுத்திய பிறகும் மூடிக்கொண்டே போனது

கற்றையை நிறுத்திய கணத்தில் மேற்பரப்பில் நகரும் அணுக்கள் நின்றுவிடுவதில்லை. கொஞ்ச நேரம் தொடர்ந்து வந்து சேரும். ஸ்டெய்ன், லி, கோலோவ்செங்கோ 2002-இல் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே நிறுத்தும் எண்ணிக்கையைக் குறிக்கோளுக்குச் சற்று மேலேயே வைக்க வேண்டும். எவ்வளவு மேலே என்பது அந்தக் கருவி, அந்த அடர்த்தி, அந்த வெப்பநிலைக்கு உரியது. பழைய சிப்பின் எண்ணை வேறு நிலைமைக்கு எடுத்துப் போடக் கூடாது. கடைசிக் கட்டத்தில் துடிப்புகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விடச் சொல்லுங்கள்.

முழுதும் மூடிப்போன சிப்பைக் குளிர்ந்த நிலையில் கற்றையால் மறுபடி திறக்கலாம். அதற்கு ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் பொறியாளரின் முடிவு. கேட்டு எழுதும்போது இவற்றை அனுப்புங்கள்: முதலில் வந்த தாளின் நகல், துளையில்லாச் சிப்பில் எடுத்த மின்னோட்டம், உங்கள் சிப்பில் எடுத்த மின்னழுத்த-மின்னோட்டக் கோடு, கரைசலின் கடத்துதிறன், வெப்பநிலை, இதுவரை எந்தெந்தச் சுத்தம் செய்தீர்கள் என்ற வரிசை. பிரானாவில் போட்ட சிப் என்றால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். உப்பு ஒட்டிய சிப்பை வெற்றிட அறைக்குள் விடமாட்டார்கள், ஆகவே நன்றாக அலசி உலர்த்தி அனுப்புங்கள். அயனி மூலத்தையோ அதன் உயர் மின்னழுத்தப் பெட்டியையோ திறக்கும் வேலை எதுவானாலும் அது அவருக்குரியது. நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள்.